ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3: பின்சக்கரம் உள்ளே மடங்குவதைத் தடுக்கும் ஸ்விங் ஸ்பிரிங் மாற்றம்

வளைவில் வேகமாக நுழைந்துவிட்டோம் என்று தெரிந்ததும் ஓட்டுநரின் கால் தானாகவே ஆக்சிலரேட்டரை விட்டு எழும். பெரும்பாலான கார்களில் அது சரியான செயல். பழைய ஸ்பிட்ஃபயரில் அந்த நொடியில்தான் ஆபத்து தொடங்குகிறது. பின்பக்கம் மேலே எழும்பும், வெளிப்பக்கப் பின்சக்கரத்தின் அடி உள்நோக்கி மடங்கும், டயர் தன் ஓரத்தில் நிற்கும், பின்பாகம் வெளியே வீசும். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

ஸ்பிட்ஃபயர் 1962-ல் வந்தது. ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த உடலுக்கு அடியில் இருந்தது 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் அமைப்பு. ஹெரால்டின் பின்சஸ்பென்ஷன் அப்படியே இதிலும் வந்தது. டிஃபரன்ஷியலின் (இரு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பெட்டி) தலைமேல் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு யுனிவர்சல் ஜாயின்ட் (சுழன்றபடியே வளையும் மூட்டு), அங்கிருந்து சக்கரம் வரை வளையாத ஆக்சில். இப்படி ஆடும் ஆக்சிலுக்கு ஸ்விங் ஆக்சில் என்று பெயர். மார்க் 1, 2, 3 மூன்றும் 1970 வரை இதே அமைப்பில் ஓடின. 1970 இறுதியில் மார்க் 4 வந்தபோது ட்ரையம்ஃப் இந்தச் சிக்கலைத் தானே தீர்த்தது. அந்தத் தீர்வை மார்க் 3-க்குப் பின்னோக்கிக் கொண்டுவருவதுதான் இந்த ஆய்வின் பொருள்.

இந்த அமைப்போடு நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் இதே குறுக்குப் பட்டைதான். இந்திய உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இது பிடிக்கவில்லை. 1972-ல் அதன் இடத்தில் வந்த கெசல் காரில் பின்பக்கம் வழக்கமான ஒரே துண்டு ஆக்சிலுக்கு மாறியது. ட்ரையம்ஃப் வேறு வழியில் போனது.

சக்கரம் ஏன் மடங்குகிறது

ஆக்சில் ஜாயின்டைச் சுற்றி ஆடுகிறது, சக்கரம் ஆக்சிலோடு செங்குத்தாக இறுகியிருக்கிறது. ஆகவே ஆக்சிலின் கோணம்தான் சக்கரத்தின் கேம்பர், அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் அளவு. ஜாயின்டிலிருந்து சக்கர மையம் வரை சுமார் அரை மீட்டர். கார் 10 மி.மீ. உயர்ந்தால் கேம்பர் ஒரு டிகிரிக்கு மேல் நேர்ப்பக்கம் போகும், அதாவது சக்கரத்தின் அடி உள்ளே வரும். 25 மி.மீ. உயர்ந்தால் ஏறக்குறைய 3 டிகிரி. பெரும்பாலான மற்ற வகை சஸ்பென்ஷன்களில் இவ்வளவு வேகமாக மாறாது.

இரண்டாவது, தரையிலிருந்து வரும் பக்கவிசை. டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து ஜாயின்டுக்கு ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஜாயின்ட் தரைக்கு மேல் சுமார் 28 செ.மீ., பக்கவாட்டில் 50 செ.மீ. தள்ளி. அந்தக் கோடு கிட்டத்தட்ட 29 டிகிரி சாய்வில் ஏறுகிறது. வெளிச்சக்கரம் வாங்கும் ஒவ்வொரு 100 கிலோ பக்கவிசைக்கும் 56 கிலோ விசை உடலை மேலே தள்ளுகிறது. உள்சக்கரம் அதே விகிதத்தில் உடலைக் கீழே இழுக்கிறது. இரண்டும் சமமாக இருந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். சமமாக இல்லாததுதான் பிரச்சினை.

எடுத்துக்காட்டாகப் பின்பக்க எடை 340 கிலோ என்றும், வளைவில் 0.6 ஜி (எடையின் 0.6 மடங்கு) விசை என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தப் பக்கவிசை 204 கிலோ. வெளிச்சக்கரம் 140, உள்சக்கரம் 64 வாங்கினால் வித்தியாசம் 76. அதில் 56 சதவீதம், அதாவது 43 கிலோ, உடலைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. தூக்கியதால் ஜாயின்ட் உயர்கிறது, கோடு இன்னும் செங்குத்தாகிறது, தூக்கும் விசை கூடுகிறது. இந்த நேரத்தில் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை விட்டால் எடை முன்னே போய்ப் பின்பக்கம் மேலும் லேசாகும். மடங்கல் நடப்பது அங்கேதான்.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். தூக்குவது மொத்த விசை அல்ல, இரு சக்கரங்களுக்கும் இடையிலான வித்தியாசம். அதே 204 கிலோ 122-ம் 82-மாகப் பிரிந்தால் தூக்கும் விசை 22 கிலோவாகப் பாதியாகக் குறைகிறது. அதனால் பின்பக்கம் சாய்வை எதிர்த்து நிற்பதைக் குறைக்க வேண்டும். கார் சாய்வதைத் தடுக்கும் வேலையை முன்சக்கரங்களிடம் கொடுக்க வேண்டும். பின்சஸ்பென்ஷனைத் திருத்தும் வேலையில் பாதி முன்பக்கத்தில் நடக்கிறது. இதைப் புரியாமல் பின்பக்கத்தை மட்டும் தொட்டவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு வகையில் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஸ்விங் ஸ்பிரிங் செய்யும் மாற்றம்

பழைய ஸ்பிரிங்கில் எல்லாப் பட்டைகளும் ஒன்றாக டிஃபரன்ஷியலோடு இறுகியிருக்கும். கார் சாய்ந்தால் ஒரு பாதி மேலும் வளையும், மறுபாதி நிமிரும், இரண்டும் சாய்வை எதிர்க்கும். மார்க் 4-ன் ஸ்பிரிங்கில் ஒரே ஒரு பட்டை மட்டும் இறுகியிருக்கிறது. மற்றவை நடுவில் ஒரு பெட்டிக்குள் தராசுக்கோல் போல இருபக்கமும் சாயலாம். இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறினால் எல்லாப் பட்டைகளும் சுமை தாங்கும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் பெரும்பாலான பட்டைகள் சும்மா சாய்ந்துகொடுக்கும். சுமை தாங்கும் வலு அப்படியே இருக்க, சாய்வை எதிர்க்கும் வலு மட்டும் பெருமளவு போய்விடுகிறது.

இந்த எண்ணம் ட்ரையம்ஃபுக்கு மட்டும் வந்ததல்ல. போர்ஷே 356 சூப்பர் 90-ல் பின்னால் ஒரு கூடுதல் குறுக்குப் பட்டை இதே வேலையைச் செய்தது. 1964 மாடல் செவர்லே கோர்வேரிலும் அப்படி ஒன்று சேர்ந்தது. அவை கூடுதல் பாகத்தைக் கேட்டன. ட்ரையம்ஃப் இருந்த ஸ்பிரிங்கையே மாற்றியது. செலவு குறைவு என்பதற்காகச் செய்திருந்தாலும், பொறியியலாகப் பார்த்தால் அழகான வேலை.

கூடவே முன்பக்க ஆன்டிரோல் பார் (கார் சாய்வதை எதிர்க்கும் முறுக்குக் கம்பி) 11/16 இன்ச்சிலிருந்து 7/8 இன்ச்சாகத் தடித்தது. கண்ணுக்குச் சின்ன வித்தியாசம். முறுக்கு வலு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுவதால் புதிய பார் பழையதைவிட 2.6 மடங்கு விறைப்பானது. பின்பக்கம் விட்டுக்கொடுத்த சாய்வெதிர்ப்பை இதுதான் ஈடுகட்டுகிறது.

வாங்க வேண்டியவை

பெட்டியோடு கூடிய ஸ்விங் ஸ்பிரிங் ஒன்று, அதற்கான ஸ்டட்களும் (தலையில்லாத போல்ட்) நட்டுகளும், ஸ்பிரிங் கண் (பட்டை முனையின் வளையம்) போல்ட் இரண்டு, வெர்டிகல் லிங்கின் (ஸ்பிரிங் முனையைச் சக்கரத்தோடு இணைக்கும் நிமிர்ந்த துண்டு) அடிப்பகுதிக்கான டிரன்னியன் (கீழ் மூட்டு) புஷ் செட் இரண்டு, ரேடியஸ் ஆர்ம் (சக்கரத்தை முன்பின் நகராமல் பிடிக்கும் கோல்) புஷ் நான்கு, பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டு, பின்பிரேக் ஹோஸ் இரண்டு. முன்பக்கத்துக்கு 7/8 இன்ச் பார், அதே விட்டத்துக்குரிய ரப்பர் புஷ் இரண்டு, பிடிக்கும் கிளாம்ப் இரண்டு, தொங்கு லிங்க் இரண்டு. கழற்றும் பூட்டு நட்டுகளைத் திரும்பப் பூட்ட வேண்டாம்.

ஸ்பேனர் எல்லாம் இன்ச் அளவில் இருக்க வேண்டும். 9/16 இன்ச் என்பது 14.29 மி.மீ. 14 மி.மீ. ஸ்பேனர் ஏறாது, 15 மி.மீ. வழுக்கி மூலையை உருட்டிவிடும். டிஃபரன்ஷியல் மேலுள்ள நட்டு ஒன்று உருண்டால் அதற்கு நேராகக் கையை நுழைக்கவே இடமில்லை, அன்றைய நாள் அதோடு போய்விடும்.

நீள ஆக்சில் தனிக் கேள்வி. மார்க் 4-ல் எஃப்எச் 50001 என்ற சேஸிஸ் எண்ணிலிருந்து ஒவ்வொரு ஆக்சிலும் ஒரு இன்ச் நீண்டது, பின்பக்க அகலம் இரண்டு இன்ச் கூடியது. நீளம் கூடினால் கேம்பர் மாறும் வேகமும் தரைக்கோட்டின் சாய்வும் சற்றுக் குறையும். கிடைத்தால் நல்லது, ஆனால் இந்த வேலைக்குக் கட்டாயமல்ல. வாங்குவதானால் ஹப் (சக்கரம் மாட்டும் மையத் துண்டு), பேரிங், வெர்டிகல் லிங்க் எல்லாம் சேர்ந்த முழுத் தொகுப்பாக வாங்குங்கள். ஹப் ஆக்சிலில் கூம்பாக இறுகியிருக்கும். சாதாரண புல்லர் போட்டு இழுத்தால் ஹப்பின் விளிம்பு வளையும், இல்லையென்றால் விரிசல் விடும். கையில் வந்த ஆக்சிலில் உள்பக்க ஊசிப் பேரிங் உருளும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். குழியோ வரியோ பட்டால் அந்த ஆக்சில் வேண்டாம். இந்தக் கார்களில் ஆக்சில் முறிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். முறிந்தால் சக்கரமும் பிரேக்கும் சேர்ந்து போய்விடும்.

கழற்றுதல்

சேஸிஸின் இருபக்கமும் ஸ்டாண்டு வைத்துப் பின்பக்கத்தைத் தூக்குங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக்கை விடுவித்து அதன் கேபிளையும் தளர்த்துங்கள், இல்லையென்றால் சக்கரம் கீழே இறங்காமல் கேபிள் பிடித்துக்கொள்ளும்.

அடுத்ததைத் தவறவிட்டால் அடிபடும். இந்த அமைப்பில் சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதைத் தடுத்து வைத்திருப்பது ஷாக் அப்சார்பர்தான். அதை அப்படியே கழற்றினால் ஸ்பிரிங் முழு விசையோடு ஆக்சிலைக் கீழே அறையும். பிரேக் ஹோஸ் இழுபடும், ஜாயின்ட் தன் எல்லையைத் தாண்டி வளையும். முதலில் வெர்டிகல் லிங்கின் அடியில் ஜாக்கி கொடுத்து, ஷாக் அப்சார்பர் தளரும் வரை தூக்குங்கள். அதன் கீழ்ப் பிடியை விடுவியுங்கள். பிறகு ஜாக்கியை மெதுவாக இறக்குங்கள். ஸ்பிரிங் சுமை முழுவதும் விட்ட பிறகுதான் மேலே உள்ள ஸ்பிரிங் கண் போல்ட்டைத் தொட வேண்டும். இரண்டு பக்கமும் இதேதான்.

இருக்கைகளுக்குப் பின்னால் கம்பளத்தைத் தூக்கினால் திருகுகளில் நிற்கும் ஒரு தகடு தெரியும். அதைக் கழற்றினால் ஸ்பிரிங்கின் நடுப்பகுதி கைக்கு எட்டும். பழைய ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பவை ஆறு ஸ்டட்கள். ஸ்விங் ஸ்பிரிங்கின் பெட்டிக்கு நான்கு போதும். நட்டுகளை எடுத்தும் ஸ்பிரிங் வெளியே வராது, ஸ்டட் உயரத்துக்கு மேல் தூக்க அங்கே இடமில்லை. ஒவ்வொரு ஸ்டட்டிலும் இரண்டு நட்டுகளைப் போட்டு ஒன்றோடொன்று இறுக்கி, கீழ் நட்டைத் திருப்பினால் ஸ்டட் கழன்று வரும். அதன்பின் ஸ்பிரிங்கை ஒரு சக்கர இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் இழுத்துவிடலாம். இரும்பு கனமாக இருக்கும், இருவர் தேவை.

டிரன்னியன் போல்ட்தான் இந்த வேலையின் வில்லன். போல்ட் ஒரு எஃகுக் குழாய்க்குள் போகிறது. பல ஆண்டு மழைநீரில் இரண்டும் துருவேறி ஒன்றாகிவிடும். நட்டு கழலும், போல்ட் அசையாது. சுத்தியலால் அடித்தால் ஆக்சில் பேரிங்கும் லிங்க் தகடும் அடி வாங்கும். நெருப்பு காட்டினால் நைலான் புஷ் உருகும். எப்படியும் புதுப் புஷ் போடப்போவதால் நேர்வழி வெட்டுவதுதான். லிங்க் தகட்டுக்கும் பேரிங் கூட்டுக்கும் இடையே ஹாக்ஸா பிளேடை நுழைத்து இருபக்கமும் போல்ட்டை அறுத்தெடுங்கள். பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகலாம். பூட்டும்போது குழாயின் உள்ளும் போல்ட்டின் மேலும் கிரீஸை தாராளமாகப் பூசினால் அடுத்த முறை அறுக்க வேண்டியிருக்காது.

பூட்டுதல்

டிஃபரன்ஷியலின் மேற்பரப்பைத் துருவில்லாமல் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். ஸ்டட் துளைகளில் திருகு மரை தேய்ந்திருக்கிறதா பாருங்கள். புதிய ஸ்டட்களை எண்ணெய் கசியாத சீலன்ட் தடவி ஏற்றுங்கள். பயன்படாத துளைகளையும் அடைத்துவிடுங்கள். புதிய ஸ்பிரிங்கின் பெட்டிக்குள் பட்டைகள் உண்மையிலேயே சாய்கின்றனவா என்று பூட்டும் முன்பே பார்த்துக்கொள்ளலாம். நடுவைப் பிடித்து ஒரு முனையில் உடல் எடையைக் கொடுத்தால் மறுமுனை எழ வேண்டும்.

ரேடியஸ் ஆர்ம் புஷ், ஸ்பிரிங் கண், டிரன்னியன், ஷாக் அப்சார்பர் எதையும் கார் தொங்கும் நிலையில் இறுக்க வேண்டாம். நட்டை ஏற்றிக் கையால் முடிந்தவரை திருப்பி விட்டுவிடுங்கள். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்தக் கோணத்தில் பிடித்துக்கொண்டு காரை எப்போதும் மேலே தள்ளும். கார் சக்கரத்தில் நின்ற பிறகு, சுமையோடு இறுக்க வேண்டும்.

முன்பக்கப் பார் ஒரு மணி நேர வேலை. பழைய புஷ்ஷைத் திணித்து ஏற்றப் பார்க்காதீர்கள். அது பாரைக் கவ்விக்கொண்டு அதன் அசைவைத் தடுக்கும்.

தரையில் இறக்கிய பின்

இறக்கியதும் கார் வால் தூக்கி நிற்கும், பின்சக்கரங்கள் இரண்டும் அடியில் உள்ளே மடங்கியிருக்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம். ஸ்விங் ஆக்சிலில் கார் இறங்கும்போது சக்கரங்கள் பக்கவாட்டில் விரிய வேண்டும், நின்ற இடத்தில் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு விரிய விடாது. நாலு மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தை அழுத்தி விடுங்கள். பிறகுதான் அளவு. அளக்கும் ஒவ்வொரு முறையும் இப்படி உருட்டித்தான் அளக்க வேண்டும்.

இரு இருக்கைகளிலும் ஆளுக்கு 70 கிலோ எடை இருக்கட்டும், பெட்ரோல் பாதி டாங்க். சக்கரத்துக்கு நேராக ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிடுங்கள். ரிம்மில் 350 மி.மீ. இடைவெளியில் மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. நூலிலிருந்து இரண்டுக்கும் உள்ள தூரத்தில் 6 மி.மீ. வித்தியாசம் இருந்தால் ஒரு டிகிரி. மேல்புள்ளி உள்ளே தள்ளியிருந்தால் எதிர்க்கேம்பர். நாங்கள் பரிந்துரைப்பது சுமையோடு ஒன்றரை முதல் இரண்டு டிகிரி எதிர்க்கேம்பர், அதாவது 9 முதல் 12 மி.மீ.

புதிய ஸ்பிரிங் முதலில் உயரமாக நிற்பது வழக்கம். சில நூறு கிலோமீட்டர் ஓடி அமர்ந்த பிறகே முடிவெடுங்கள். அதன்பின்னும் உயரமாக இருந்தால் ஸ்பிரிங்குக்கும் டிஃபரன்ஷியலுக்கும் இடையே தாழ்த்தும் கட்டை வைக்கலாம், அதற்கேற்ற நீள ஸ்டட்களோடு. கட்டை ஸ்பிரிங்கை உயர்த்துகிறது, ஸ்பிரிங்கின் முனை சக்கரத்தோடு பிணைந்திருப்பதால் உடல் இறங்குகிறது. 25 மி.மீ. கட்டை 3 டிகிரியைக் கொண்டுவரும் என்பதை மறக்காமல் தேவையான அளவுக்கு மட்டும் வையுங்கள். நான்கு ஐந்து டிகிரி வரை போனவர்கள் டயரின் உள்ஓரத்தை உரித்தெடுத்தார்கள், மேடு பள்ளத்தில் சேஸிஸ் ரப்பரில் இடிபட்டார்கள்.

பின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) நேராகவோ மொத்தமாக ஒன்றரை மி.மீ. உள்நோக்கியோ இருக்கலாம். வெளிநோக்கி இருக்கவே கூடாது. ரேடியஸ் ஆர்மின் முன்முனைப் பிராக்கெட்டுக்கும் உடலுக்கும் நடுவே ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகள் இருக்கும். ஷிம் சேர்த்தால் ஆர்ம் ஹப்பைப் பின்னே தள்ளும், சக்கரம் வெளிநோக்கித் திரும்பும். எடுத்தால் உள்நோக்கித் திரும்பும். காற்றழுத்தம் பின்பக்கம் முன்பக்கத்தைவிட 5 பி.எஸ்.ஐ. அளவுக்குக் கூடுதலாக இருக்க வேண்டும். நான்கிலும் ஒரே அழுத்தம் அடிக்கும் பழக்கம் இந்தக் காருக்கு ஆகாது.

வழக்கமாகக் கெடும் இடங்கள்

மிகப் பரவலான தவறு ஸ்விங் ஸ்பிரிங்கைப் போட்டுப் பழைய 11/16 பாரை விட்டுவைப்பது. சக்கரம் மடங்காது, ஆனால் கார் படகு போலச் சாயும். உடனே பின்பக்கம் தளர்ந்துவிட்டது என்று நினைத்துக் கடினமான ஷாக் அப்சார்பர் போடுவார்கள். அது நிலையான வளைவில் சாய்வைக் குறைக்காது, சாயும் வேகத்தை மட்டுமே குறைக்கும்.

அதைவிட ஆபத்தானது பின்பக்கம் ஆன்டிரோல் பார் மாட்டுவது. வேறு கார்களில் பழகியவர்களுக்கு இது இயல்பாகத் தோன்றும். இங்கே அது ஸ்விங் ஸ்பிரிங் செய்ததை எல்லாம் தலைகீழாக்கும். வெளி, உள் சக்கரங்களின் வித்தியாசம் கூடும், தூக்கும் விசை கூடும், மடங்கல் திரும்பி வரும்.

மாற்றத்துக்குப் பின் தாழ்ந்த வேகத்தில் பின்னாலிருந்து ‘டொக்’ என்ற சத்தம் வந்தால் முதலில் ஸ்பிரிங் பெட்டி நட்டுகளைப் பாருங்கள், அடுத்து டிஃபரன்ஷியலின் ரப்பர் பிடிகள், அதன்பின் ரேடியஸ் ஆர்ம் புஷ். கியர் போடும்போதும் எடுக்கும்போதும் மட்டும் வந்தால் யுனிவர்சல் ஜாயின்ட் கிராஸ். ஆக்சிலைக் கையால் முன்னும் பின்னும் திருகினால் தெரிந்துவிடும்.

வேறு வழிகளும் உண்டு. ஸ்பிட்ஃபயரின் அண்ணன் ஜிடி6-ல் மார்க் 2-க்கு ட்ரையம்ஃப் ரோட்டோஃப்ளெக்ஸ் ரப்பர் இணைப்பும் கீழே விஷ்போனும் (சக்கரத்தைத் தாங்கும் V வடிவக் கை) கொடுத்தது. சக்கரக் கோணம் அதில் உண்மையிலேயே கட்டுக்குள் இருக்கும். ஆனால் ரப்பர் வளையங்கள் கிழியும், பாகங்கள் அதிகம், வேலையும் அதிகம். 1973-ல் அதே ஜிடி6 மார்க் 3-லேயே ட்ரையம்ஃப் ஸ்விங் ஸ்பிரிங்குக்குத் திரும்பிவிட்டது. சாலையில் ஓட்டும் மார்க் 3 ஸ்பிட்ஃபயருக்கு ரோட்டோஃப்ளெக்ஸ் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. பந்தயத்துக்கு என்றால் வேறு பேச்சு.

ஓட்டிப் பார்க்க ஆளில்லாத பெரிய தளம் வேண்டும், பொதுச்சாலை கூடாது. நிலையான வட்டத்தில் மெல்ல வேகம் கூட்டி, ஒருவர் வெளியே நின்று வெளிப்பக்கப் பின்சக்கரத்தைப் படமெடுக்கட்டும். பிறகு அதே வட்டத்தில் குறைந்த வேகத்திலிருந்து தொடங்கி ஆக்சிலரேட்டரை விட்டுப் பாருங்கள். சரியாக அமைந்த காரில் முன்பக்கம் முதலில் அகலப் போகும், காலை எடுத்ததும் மூக்கு மெல்ல உள்ளே வரும், பின்பக்கம் அமைதியாகப் பின்தொடரும். படத்தில் பின்சக்கரத்தின் அடி உள்ளே போனால் அதற்கு மேல் வேகம் கூட்டாமல் நிறுத்தி, உயரத்தையும் கேம்பரையும் மறுபடி அளவெடுங்கள்.

500 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பிரிங் பெட்டி நட்டுகள், கண் போல்ட், ரேடியஸ் ஆர்ம் அனைத்தையும் சுமையோடு நிற்கும் நிலையில் மீண்டும் இறுக்கிப் பாருங்கள். புதிய ஸ்பிரிங் அமர்ந்ததில் பெட்டி நட்டுகள் கால் சுற்று தளர்ந்திருக்கலாம்.